புதிய நிரல், பழைய லினக்ஸ்: தடை எங்கே உருவாகிறது?

2024 பிப்ரவரித் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரலெழுதும் கருவியின் 1.86 பதிப்பு வெளியானது. தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைந்து, அங்குள்ள கோப்புகளைத் தம் மேசையிலிருந்தே திருத்துவதற்கு இந்தக் கருவியைப் பல ஆய்வாளர்களும் பொறியாளர்களும் நம்பியிருந்தார்கள். புதிய பதிப்பு ஏறியதும் சென்ட்ஓஎஸ் 7, உபுண்டு 18.04 ஆகிய லினக்ஸ் வழங்கல்கள் ஓடிய சர்வர்களோடு இணைப்பு அறுந்தது. சர்வர்களில் எதுவும் மாறவில்லை, வலைப்பின்னலிலும் கோளாறு இல்லை. ஜிலிப்சி எனப்படும் அடிப்படை நிரலகம் 2.28 பதிப்பாகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருக்க வேண்டும் என்று கருவி கேட்டது. சென்ட்ஓஎஸ் 7 இல் இருந்தது 2.17, உபுண்டு 18.04 இல் இருந்தது 2.27. எதிர்ப்பு வலுத்ததால் சில நாட்களிலேயே திருத்தப் பதிப்பு வந்தது. எச்சரிக்கையோடு ஓராண்டு அவகாசம் கிடைத்தது. 2025 இல் 1.99 பதிப்போடு அதுவும் முடிந்தது.

பழைய லினக்ஸில் புதிய மென்பொருள் ஓடாமல் போவது புதிய செய்தி இல்லை. "பழையதை வைத்துக்கொண்டு புதியதைக் கேட்டால் எப்படி?" என்ற பதிலும் உடனே வந்துவிடுகிறது. ஆனால் ஒவ்வொரு தோல்வியையும் பிரித்துப் பார்த்தால் அந்தப் பதில் போதாது. பல நேரங்களில் அந்த நிரலுக்குப் புதிய நிரலகத்திலுள்ள எந்த வசதியும் தேவைப்பட்டிருக்காது. புதிய கணினியில் கம்பைல் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்தால் பழைய கணினியை அது ஒதுக்குகிறது. தடை பழைய கணினியில் முளைப்பதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது நிரல் கட்டப்பட்ட இடத்தில் முளைக்கிறது. இந்தக் கட்டுரை அந்தக் கோணத்திலிருந்து முழுச் சிக்கலையும் பரிசீலிக்கிறது.

நிரல் தொடங்கும் முன் நடப்பது

லினக்ஸில் ஓடும் நிரல்களில் மிகப் பல தமக்கு வேண்டிய எல்லாவற்றையும் தம்முள் சுமந்து வருவதில்லை. கோப்பைத் திறப்பது, நினைவகத்தைக் கேட்பது, எழுத்துச் சரத்தை நகலெடுப்பது போன்ற அன்றாட வேலைகளைக் கணினியில் ஏற்கெனவே உள்ள பொது நிரலகங்களிடம், அதாவது லைப்ரரிகளிடம், ஒப்படைக்கின்றன. அவற்றுள் அடித்தளமானது குனூ சி நிரலகம், சுருக்கமாக ஜிலிப்சி. ஆல்பைன் போன்ற சிலவற்றைத் தவிர்த்தால், டெபியன், உபுண்டு, ஃபெடோரா, ரெட் ஹேட், சூசே என நாம் அறிந்த லினக்ஸ் வழங்கல்கள் இதன் மேல்தான் நிற்கின்றன.

நிரலை இயக்கியதும் முதலில் எழுவது டைனமிக் லிங்கர் என்ற இணைப்பி. எந்த நிரலகங்கள் வேண்டும், அவற்றில் எந்தச் சார்புகள் வேண்டும், ஒவ்வொரு சார்பும் எந்தப் பதிப்பு முத்திரையோடு வேண்டும் என்று நிரலுக்குள் ஒரு பட்டியல் எழுதப்பட்டிருக்கும். இணைப்பி அந்தப் பட்டியலைக் கணினியிலுள்ளதோடு ஒப்பிடும். ஜிலிப்சியின் ஒரு முத்திரை குறைந்தாலும் நிரலின் முதல் வரிகூட ஓடாது. இன்ன பதிப்பு கிடைக்கவில்லை என்ற செய்தியோடு அத்தனையும் நின்றுவிடும்.

இந்த முத்திரை முறை பெரிய துன்பம் ஒன்றுக்குப் பிறகு வந்த நல்ல ஏற்பாடு. 1997, 1998 ஆண்டுகளில் லினக்ஸ் உலகம் லிப்சி 5 என்ற பழைய நிரலகத்திலிருந்து ஜிலிப்சி 2 க்கு மாறியபோது பழைய நிரல்களும் புதியவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதே நிலை திரும்பாதிருக்க, சன் நிறுவனத்தின் சோலாரிஸில் இருந்த சிந்தனையை விரித்து, 1999 இல் வந்த ஜிலிப்சி 2.1 இலிருந்து ஒவ்வொரு சார்புக்கும் பதிப்பு முத்திரை இடப்பட்டது. ஒரு சார்பின் நடத்தை மாறினால் பழைய வடிவம் பழைய முத்திரையோடு உள்ளேயே இருக்கும், புதிய வடிவம் புதிய முத்திரையோடு பக்கத்தில் சேரும். இருபது ஆண்டுகளுக்கு முன் கம்பைல் செய்த நிரலும் தனக்குரிய பழைய சார்பை இன்றைய ஜிலிப்சியில் கண்டுகொள்ளும்.

ஒரே திசையில் உள்ள வாக்குறுதி

ஜிலிப்சி தரும் வாக்குறுதி, பழைய நிரல் புதிய கணினியில் ஓடும் என்பது. புதிய நிரல் பழைய கணினியில் ஓடும் என்று அது ஒருபோதும் சொன்னதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்லது அவற்றையொட்டி, ஜிலிப்சியின் புதிய பதிப்பு வருகிறது. புதிய முத்திரைகள் சேர்ந்துகொண்டே போகின்றன.

சிக்கலின் வேர் கம்பைல் செய்யும் கட்டத்தில் இருக்கிறது. நிரலை இணைக்கும்போது, அந்தக் கணினியிலுள்ள ஜிலிப்சி ஒவ்வொரு சார்புக்கும் எதை இயல்பு வடிவமாக வைத்திருக்கிறதோ அந்த முத்திரைதான் நிரலில் பதியும். பெரும்பாலும் அது இருப்பதிலேயே புதியது. "2.17 உள்ள கணினியிலும் ஓடும்படி கட்டு" என்று சொல்ல வழக்கமான லினக்ஸ் கம்பைலரில் எளிய விசை கிடையாது. மேக் கணினிக்கு எழுதுபவர், எந்தப் பழைய மேக்ஓஎஸ் வரை ஓட வேண்டும் என்று ஒரு வரியில் குறிக்கலாம். ஆண்ட்ராய்டுக்கு எழுதுபவரும் குறைந்தபட்சப் பதிப்பை அறிவித்துவிட்டே தொடங்குகிறார். லினக்ஸில் இந்தக் கேள்வி எவரிடமும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்படாததால், வெளியிடுபவரின் கணினி எவ்வளவு புதியதோ அதுவே பயனருக்கு விதியாகிவிடுகிறது.

தேவையின்றி ஏறும் எண்

இதற்கு மெம்காப்பி என்ற சார்பின் கதை தெளிவான சான்று. நினைவகத்தின் ஓரிடத்திலுள்ளதை இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது அதன் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்பது சி மொழியின் விதி. படிந்தால் மெம்மூவ் என்ற சார்பைப் பயன்படுத்த வேண்டும். 2010 இல் வேகத்துக்காக மெம்காப்பியின் உட்செயல் மாற்றப்பட்டது. ஃபெடோரா 14 இல் அடோபி ஃப்ளாஷின் 64 பிட் பதிப்பில் ஒலி சிதைந்தது. அந்த மென்பொருள் விதியை மீறி மெம்காப்பியை அழைத்து வந்ததும், பழைய செயல்முறையில் அது தற்செயலாகப் பிழைத்துக்கொண்டிருந்ததும் தெரிந்தன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த விவாதத்தில் நுழைந்து, குற்றம் யாருடையது என்பது பயனருக்கு முக்கியமில்லை என்று வாதாடினார். 2011 இல் வந்த ஜிலிப்சி 2.14, பழைய நிரல்களுக்குப் பாதுகாப்பான பழைய நடத்தையையும் புதிய நிரல்களுக்குப் புதிய முத்திரையோடு வேகமான வடிவத்தையும் கொடுத்தது.

பழைய நிரல்களைக் காத்த அந்த நல்ல முடிவுக்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. மெம்காப்பியை அழைக்காத பெரிய நிரலைக் காண்பதே அரிது. அதனால் 2.14 அல்லது அதற்குப் பிந்தைய கணினியில் கம்பைல் ஆன நிரல்கள், ஜிலிப்சி 2.12 வைத்திருந்த ரெட் ஹேட் 6 இல் தொடங்கவே மறுத்தன. நகலெடுக்கும் வேலையை ரெட் ஹேட் 6 செவ்வனே செய்யும். அதனிடம் இல்லாதது முத்திரை மட்டுமே.

இந்த முறை திரும்பத் திரும்ப நிகழ்ந்தது. 2018 இல் வந்த 2.28 இல், கோப்புகளைக் கையாளும் பழைய சார்பு ஒன்றுக்கு 64 பிட் பெயர் கொண்ட இணை சேர்ந்தது. 64 பிட் கணினியில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்யும். இருந்தும் பெரிய கோப்புகளுக்கான அமைப்போடு கம்பைல் ஆகும் நிரல்கள் 2.28 ஐக் கேட்கத் தொடங்கின. 2023 இல் வந்த 2.38 இல், எழுத்தை எண்ணாக மாற்றும் சார்புகள் சி மொழியின் புதிய தரத்தின்படி இரும எண் வடிவத்தையும் ஏற்குமாறு மாறின. இரும எண்ணைக் கண்ணாலும் காணாத நிரல்களும் 2.38 முத்திரையைச் சுமக்கலாயின.

எல்லாவற்றிலும் அகலமாகப் பாய்ந்த மாற்றம் 2021 ஆகஸ்டில் வந்த 2.34. இழைகளைக் கையாளும் நிரலகம் உட்படத் தனித்தனியாக இருந்த சிலவற்றை அது மைய நிரலகத்துக்குள் இணைத்தது. உள்ளமைப்பு எளிதானது, மேம்படுத்தும்போது நேரும் குழப்பங்களும் குறைந்தன. அதே பதிப்பில், நிரலைத் தொடங்கிவைக்கும் அடிப்படைச் சார்புக்கும் புதிய முத்திரை கிடைத்தது. ஒவ்வொரு சி நிரலும் அந்தச் சார்பின் வழியாகத்தான் தொடங்குகிறது. ஆகவே 2.34 உள்ள கணினியில் வழக்கமான முறையில் கம்பைல் செய்தால், எந்த வேலையும் செய்யாத வெற்று நிரல்கூட அதற்கு முந்தைய கணினியில் ஓடாது.

தேவைக்கும் முத்திரைக்கும் உள்ள இடைவெளியை நோட்.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியின் 18 ஆம் பதிப்பு நேரடியாகவே காட்டியது. 2022 ஏப்ரலில் அது வெளியானபோது, அதிகாரபூர்வ வடிவங்கள் ரெட் ஹேட் 8 இல் கட்டப்பட்டன. அதனால் 2.28 குறைந்தபட்சத் தேவையாயிற்று. பின்னர் அதே மூலநிரலை ஜிலிப்சி 2.17 க்கு ஏற்பக் கட்டிய வடிவம் நோட்.ஜேஎஸ் திட்டத்தின் அதிகாரபூர்வமற்ற வெளியீடுகளில் கிடைத்தது, சென்ட்ஓஎஸ் 7 இலும் ஓடியது. மூலநிரல் ஒன்றுதான். கட்டிய களம் மாறியதும் தடை விலகிவிட்டது.

ஜிலிப்சிக்கு அப்பால்

சி பிளஸ் பிளஸ் மொழியின் நிரலகத்துக்கும் இதே போன்ற முத்திரைகள் உண்டு. சென்ட்ஓஎஸ் 7 இன் கம்பைலர் ஜிசிசி 4.8.5. அதோடு வரும் நிரலகம் 3.4.19 முத்திரை வரைதான் அறியும். விஷுவல் ஸ்டுடியோ கோட் 3.4.25 ஐக் கேட்டது. 2015 இல் வந்த ஜிசிசி 5, எழுத்துச் சரங்களின் உள்வடிவத்தையே மாற்றியதால், பழைய வடிவில் கட்டிய நிரலகமும் புதிய வடிவில் கட்டிய நிரலும் இணையாத சிக்கலும் சேர்ந்துகொண்டது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலகத்தின் நிலை வேறு. இங்கே தேவை பெரும்பாலும் உண்மையானது. சென்ட்ஓஎஸ் 7 இல் இருப்பது 1.0.2. 2021 இல் வந்த பைத்தான் 3.10 குறைந்தது 1.1.1 ஐக் கேட்கிறது. மறையாக்க முறைகள் மூப்படைகின்றன, பழையவை உடைபடுகின்றன. பழைய வடிவத்தைக் காலமெல்லாம் தாங்கும்படி கேட்பது நியாயமாகாது. 2021 செப்டம்பர் 30 அன்று லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களின் பழைய வேர்ச் சான்றிதழ் காலாவதியானபோது, 1.0.2 ஐ நம்பியிருந்த பல கணினிகள் நல்ல இணையதளங்களையும் போலி என்று ஒதுக்கின. இங்கே அடி எதிர்த்திசையிலும் விழுகிறது. உபுண்டு 22.04, ஓப்பன்எஸ்எஸ்எல் 3 ஐ மட்டும் கொண்டு வந்ததால், 1.1 ஐத் தேடிய பழைய நிரல்கள் புதிய கணினியில் நின்றுபோயின.

லினக்ஸின் மையமான கெர்னலின் ஒழுக்கம் இவற்றிலிருந்து மாறுபட்டது. பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பது டோர்வால்ட்ஸ் கடுமையாகக் காத்துவரும் விதி. நிரலகங்களின் அடுக்கில் அத்தகைய ஒரே அதிகாரம் கிடையாது. நூற்றுக்கணக்கான குழுக்கள் தத்தம் விருப்பப்படி பதிப்பை உயர்த்துகின்றன. பயனரின் கையில் வந்து சேர்வது அவை அனைத்தின் கூட்டு விளைவு.

பழைய அமைப்பில் ஏன் இருக்கிறார்கள்?

சோம்பலால் மட்டுமே பழையதில் தங்குகிறார்கள் என்பது அநியாயமான குற்றச்சாட்டு. ஆய்வகக் கருவியோடு வந்த இயக்கிகள், குறிப்பிட்ட வழங்கலுக்கென்று சான்றளிக்கப்பட்ட வணிக மென்பொருள்கள், நூற்றுக்கணக்கானோர் பகிரும் கணிப்புத் தொகுதிகள் ஆகியவற்றின் அடித்தளத்தை ஒருவர் நினைத்தபோது மாற்ற முடியாது. பகிர்வுத் தொகுதியில் கணக்கு வைத்திருக்கும் மாணவருக்கு நிர்வாகி உரிமையே இல்லை. எந்த லினக்ஸ் ஓட வேண்டும் என்பது அவர் கையில் இல்லாத முடிவு.

நம்பிக்கை முறிந்த வரலாறும் இதில் உண்டு. சென்ட்ஓஎஸ் 8 க்கு 2029 வரை ஆதரவு இருக்கும் என்று எதிர்பார்த்துப் பலர் திட்டமிட்டிருந்தார்கள். 2020 டிசம்பர் 8 அன்று வந்த அறிவிப்பு அந்தக் காலக்கெடுவை 2021 இறுதிக்கு இழுத்தது. 2024 ஜூன் 30 வரை ஆதரவு இருந்த பழைய சென்ட்ஓஎஸ் 7 அப்போது புதிய 8 ஐவிட நீண்ட ஆயுள் கொண்டதாகிவிட்டது. அதிலேயே தங்குவது விவேகமான முடிவாயிற்று. ஃபெர்மி ஆய்வகம் பராமரித்த சயின்டிஃபிக் லினக்ஸும் 7 ஆம் பதிப்போடு நிறுத்தப்பட்டது. செர்னும் ஃபெர்மி ஆய்வகமும் அல்மாலினக்ஸைப் பரிந்துரைத்தது 2022 டிசம்பரில்தான். விஷுவல் ஸ்டுடியோ கோட் 1.86 கதவை மூடிய நாளில் சென்ட்ஓஎஸ் 7 இன் ஆதரவுக் காலம் இன்னும் முடியவில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வன்பொருளும் ஒரு தடை. ரெட் ஹேட் 9, ஓரளவு புதிய செயலிகளை மட்டுமே ஏற்கும் எக்ஸ்86-64 இரண்டாம் நிலையைக் கேட்கிறது. 2025 இல் வந்த ரெட் ஹேட் 10 மூன்றாம் நிலையைக் கேட்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் உரிமையாளரிடம் "மேம்படுத்துங்கள்" என்றால், சில இடங்களில் அதன் பொருள் புதிய கணினி வாங்குங்கள் என்பது.

கையிலுள்ள தீர்வுகள்

முதல் எச்சரிக்கை: கணினியின் ஜிலிப்சியை மட்டும் தனியே பிடுங்கிப் புதியதை வைக்கக் கூடாது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளையிலிருந்து தொலைநுழைவு வரை எல்லாமே அதன் மேல் நிற்கின்றன. பாதியில் பிசகினால் சரிசெய்வதற்கான கருவிகளும் சேர்ந்தே செயலிழக்கும். புதிய ஜிலிப்சியைத் தனி அடைவில் வைத்து, பேட்ச்எல்ஃப் என்ற கருவியால் ஒரே ஒரு நிரலை மட்டும் அதன் பக்கம் திருப்புவது ஆபத்துக் குறைந்த வழி. விஷுவல் ஸ்டுடியோ கோட் குழுவே இந்த வழியை விளக்கியது. அது அவசரத்துக்கு உதவும், நிரந்தரத் தீர்வாகாது.

2013 இல் வந்த டாக்கர் பரவலாக்கிய கன்டெய்னர் முறை, நிரலையும் அதன் நிரலகங்களையும் ஒன்றாக அடைத்துப் பழைய கெர்னலின் மேல் ஓட்டுகிறது. கெர்னலின் மாறாத் தன்மையே இதைச் சாத்தியமாக்குகிறது. இதற்கும் எல்லை உண்டு. ஜிலிப்சி 2.34 பயன்படுத்தத் தொடங்கிய ஒரு புதிய கெர்னல் அழைப்பை 20.10.10 க்கு முந்தைய டாக்கர் தவறான பிழைக்குறியோடு மறுத்தது. கன்டெய்னருக்குள்ளிருந்த புதிய வழங்கல்கள் தடுமாறின. ஜிலிப்சி 2.26 முதல் கெர்னல் 3.2 ஆவது வேண்டும் என்பதால், 2.6.32 கெர்னலோடு வந்த சென்ட்ஓஎஸ் 6 க்கு இந்த வழியும் பெரிதும் அடைபட்டது. ஃப்ளாட்பேக், ஸ்னாப் ஆகியவையும் இதே சிந்தனையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தன. ஸ்டீம் விளையாட்டுத் தளம் உபுண்டு 12.04 ஐ அடித்தளமாகக் கொண்டு தனக்கென்று நிரலகத் தொகுப்பை வைத்து, பின்னர் டெபியன் சார்ந்த தொகுப்புகளுக்கு நகர்ந்தது.

மற்றொரு வழி, நிரலகத்தை நிரலுக்குள்ளேயே பதித்துவிடுவது. கோ மொழியின் நிரல்கள் பெரும்பாலும் இப்படி வருகின்றன. ரஸ்ட்டில் மஸல் என்ற சிறிய சி நிரலகத்தைக் கொண்டு இதைச் செய்யலாம். ஜிலிப்சியை இப்படிப் பதிப்பது கடினம். பயனர் பெயரையும் வலைமுகவரியையும் தேடும் பகுதிகளை அது ஓடும்போதுதான் ஏற்றுகிறது.

எனக்கு முதன்மையாகப் படுவது பைத்தான் சமூகம் எடுத்த வழி. 2016 இல் அது மெனிலினக்ஸ் 1 என்ற பொதுத் தளத்தை வரையறுத்தது. சென்ட்ஓஎஸ் 5 இல், ஜிலிப்சி 2.5 ஐ வைத்துக் கட்டினால் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் ஓடும் என்பது கணக்கு. அடுத்து சென்ட்ஓஎஸ் 6, பின்னர் 2.17 உடைய சென்ட்ஓஎஸ் 7 என்று தளம் படிப்படியாக உயர்ந்தது. இன்று ஒரு பைத்தான் தொகுப்பின் பெயரிலேயே எந்த ஜிலிப்சி வரை அது இறங்கி வரும் என்று எழுதியிருக்கிறது. நிறுவும் கருவி அதைப் படித்து, பொருந்தும் வடிவத்தைத் தேர்கிறது. கேட்கப்படாதிருந்த கேள்வியை இந்தச் சமூகம் வெளிப்படையாகக் கேட்டு, பதிலை எல்லோருக்கும் எழுதி வைத்தது.

கருவிகளும் வந்துவிட்டன. ஜிக் மொழியோடு வரும் கம்பைலரிடம் எந்த ஜிலிப்சி பதிப்பு வேண்டும் என்று எண்ணையே சொல்லலாம். ரெட் ஹேட்டின் டெவ்டூல்செட், பழைய வழங்கலில் புதிய ஜிசிசியைத் தந்து, நிரலகத்தின் புதிய பகுதிகளை மட்டும் நிரலுக்குள் பதிக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த ரஸ்ட் 1.64, ஜிலிப்சி 2.17 ஐயும் கெர்னல் 3.2 ஐயும் தன் அடித்தளமாக முன்கூட்டியே அறிவித்து உயர்த்தியது. அடித்தளத்தை உயர்த்துவதில் தவறில்லை, சொல்லிவிட்டு உயர்த்தும்போது.

பாதுகாப்பு என்ற வாதம்

பழைய அமைப்புகளைக் கைவிடுவதற்குச் சொல்லப்படும் வலுவான காரணம் பாதுகாப்பு. அதை எடை போட்டே பேச வேண்டும். 2015 ஜனவரியில் வெளிப்பட்ட கோஸ்ட் என்ற ஓட்டை 2000 ஆம் ஆண்டு முதல் ஜிலிப்சியில் இருந்தது. 2013 இலேயே அந்தப் பிழை திருத்தப்பட்டுவிட்டது; ஆனால் அது பாதுகாப்புக் குறை என்று எவரும் உணராததால் சென்ட்ஓஎஸ் 6, 7, டெபியன் 7, உபுண்டு 12.04 ஆகியவற்றுக்குத் திருத்தம் போய்ச் சேரவில்லை. பழையதில் இருப்பதன் விலை இதுதான். 2023 அக்டோபரில் வெளிப்பட்ட லூனி டியூனபிள்ஸ் ஓட்டையோ 2.34 இல் நுழைந்தது. புதியது என்பதால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. ஆதரவுக் காலத்தில் ரெட் ஹேட்டும் மற்றவர்களும் பதிப்பு எண்ணை மாற்றாமலே திருத்தங்களைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். எனவே 2.17 என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கணினியைப் பாதுகாப்பற்றது என்று தீர்ப்பளிக்க முடியாது.

எல்லாவற்றையும் நிரலுக்குள் அடைத்து அனுப்புவதற்கும் பாதுகாப்பு விலை உண்டு. 2014 இல் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பொதுவாகப் பயன்படுத்திய கணினியில் ஒரே ஒரு நிரலகத்தை மாற்றி, நிரல்களை மீண்டும் தொடங்கினால் ஓட்டை அடைபட்டது. ஊர்ப் பொதுக்கிணற்றைத் தூர்வாரினால் எல்லா வீட்டுக்கும் நல்ல தண்ணீர் கிடைப்பது போன்றது அது. 2002 இல் இசட்லிப் என்ற சுருக்கு நிரலகத்தில் பிழை தெரிந்தபோது, அதைத் தமக்குள் நகலெடுத்து வைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியிருந்தது. அடைத்து அனுப்புபவர் ஒவ்வொரு திருத்தத்தையும் தானே சுமக்க ஒப்புக்கொள்கிறார். அந்தப் பொறுப்பை ஏற்க முடியாதவர், பழைய தளத்தில் கட்டிப் பொது நிரலகத்தைப் பயன்படுத்துவதே மேல்.

என்ன செய்ய வேண்டும்?

மேலே கண்ட தோல்விகளை இரண்டாகப் பிரிக்கலாம். புதிய மறையாக்கம், புதிய கெர்னல் வசதி, கைவிடப்பட்ட வன்பொருள் ஆகியவற்றால் வருபவை முதல் வகை. அவற்றுக்கு மேம்படுத்துவதே வழி. பயனர் அதற்குத் திட்டமிட வேண்டும். முத்திரையால் மட்டும் வருபவை இரண்டாம் வகை. அவற்றை வெளியிடுபவர் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

மென்பொருள் வெளியிடும் ஒவ்வொரு குழுவும் மூன்று கடமைகளை ஏற்க வேண்டும். ஆதரிக்கும் மிகப் பழைய ஜிலிப்சி எது என்று முடிவுசெய்து பதிவிறக்கப் பக்கத்திலேயே எழுத வேண்டும். அந்தத் தளத்திலேயே கட்ட வேண்டும், வெளியிடுமுன் அங்கே ஒருமுறை இயக்கியும் பார்க்க வேண்டும். நிரல் கேட்கும் மிக உயர்ந்த முத்திரையைக் கருவிகள் நொடியில் காட்டிவிடும். அந்த எண் அறிவித்ததைத் தாண்டினால் வெளியீட்டை நிறுத்தும்படி தானியங்கிச் சோதனையில் சேர்க்கலாம். அடித்தளத்தை உயர்த்தும்போது, சம்பந்தப்பட்ட வழங்கலின் ஆதரவுக் காலம் முடிந்த பிறகு, போதிய முன்னறிவிப்போடு செய்ய வேண்டும். அரசும் பல்கலைக்கழகமும் மென்பொருள் வாங்கும்போது இந்த மூன்றையும் ஒப்பந்த நிபந்தனையாகக் கேட்கலாம்.

இதற்கு ஆகும் செலவு சிறியது, பல திட்டங்களுக்குப் பழைய வழங்கல் ஒன்றின் கன்டெய்னரில் கம்பைல் செய்வதே போதும். அதைச் செய்யாவிட்டால் அந்தச் செலவு மறைந்துவிடாது. நிர்வாகி உரிமை இல்லாத மாணவர், சான்றளித்த அமைப்பை மாற்ற முடியாத ஆய்வகம், புதிய கணினி வாங்க இயலாத அலுவலகம் என்று பல்லாயிரம் பேர் தலையில் அது பிரிந்து விழுகிறது. ஓரிடத்தில் ஒருமுறை செய்யக்கூடிய வேலையை அத்தனை பேரிடமும் தள்ளிவிடுவது நல்ல பொறியியல் ஆகாது. எந்தக் கணினி வரை இறங்கி வருவோம் என்று முடிவெடுப்பதும் நிரலெழுதுவதன் ஒரு பகுதிதான். அதைக் கம்பைல் செய்யும் கணினியின் வயதுக்கு விட்டுவிடக் கூடாது.